வெயிலைக் காசாக்கிய ஜில்லா

மழை கைவிட்ட மண்ணில் மத்தாப்பு பூத்த கதை

காலை மணி 6.

கரிசல் காட்டுக் கிராமம் ஒன்றின் பஸ் நிறுத்தம். பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் தூக்குச்சட்டி. அதில் மதியத்துக்குச் சோறு. சற்று நேரத்தில் ஒரு வேன் வருகிறது. எல்லோரும் ஏறிக்கொள்கிறார்கள். வேன் சிவகாசிப் பக்கம் போகிறது.

காட்டு வேலைக்குப் போக வேண்டியவர்கள் பட்டாசு வேலைக்குப் போகிறார்கள்.

ஏன்? நிலம் இருக்கிறது. தண்ணீர் இல்லை!

விருதுநகர் ஜில்லாவில் இது அன்றாடம் காணும் காட்சி. இந்த ஜில்லாவின் வாழ்வும் தாழ்வும் அந்த வேனில்தான் ஏறி இறங்குகிறது.

கரிசல் பூமி

பழைய ராமநாதபுரம் ஜில்லா 1985-ம் ஆண்டு மூன்றாகப் பிரிந்தது. அதில் ஒன்று இது. முதலில் காமராஜர் பெயரைத் தாங்கி இருந்தது. பிறகு விருதுநகர் ஜில்லா ஆயிற்று. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி இங்கு 19 லட்சத்து 42 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள்.

மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடிவாரத்தில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய ஊர்கள். அங்கே நெல் உண்டு; தென்னை உண்டு; மாந்தோப்பு உண்டு.

கிழக்கே வர வர நிலம் மாறுகிறது. சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. பருத்தி, சோளம், கம்பு, பயறு வகைகள்தான் பயிர். வைப்பாறும் அர்ஜுனா நதியும் பெயருக்கு ஆறுகள். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அவற்றில் மணல்தான் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் விதைத்தவன் பிழைத்தான். பொய்த்தால் விதை நெல்லும் வீட்டுக்குத் திரும்பாது.

இப்படிப்பட்ட பூமியில் ஜனங்கள் என்ன செய்தார்கள்? "மழை இல்லையே" என்று அழுதுகொண்டு இருக்கவில்லை. "வெயில் இருக்கிறதே!" என்று எண்ணினார்கள். அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் சிவகாசியின் தொழில்.

கல்கத்தா பயணம்

1920-ம் ஆண்டுகளின் தொடக்கம். அப்போது தீப்பெட்டி பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து கப்பலில் வந்தது. 1922-ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. உள்ளூரில் செய்தால் கட்டுபடி ஆகும் என்ற நிலை வந்தது.

சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தாவுக்கு ரெயில் ஏறினார்கள். அங்கே தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றார்கள். ஊருக்குத் திரும்பித் தொழிலை ஆரம்பித்தார்கள்.

தீக்குச்சியின் மருந்து காய வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் நமுத்துப்போகும். சிவகாசி வெயிலில் அந்தக் கவலையே இல்லை. விவசாயத்தைக் கெடுத்த வெயில் தீப்பெட்டியை வாழவைத்தது!

ஒரு தீப்பெட்டிக்குப் பின்னால் எத்தனை கைகள் தெரியுமா?

மரம் கேரளத்தில் இருந்து வரும். அதைச் சீவிக் குச்சியாக வெட்டுவார்கள். குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். இதற்குக் "கட்டை அடுக்குவது" என்று பெயர். பிறகு குச்சியின் நுனியை மருந்தில் முக்கிக் காயவைக்க வேண்டும். பெட்டி ஒட்ட வேண்டும். குச்சியை நிரப்ப வேண்டும். லேபிள் ஒட்ட வேண்டும். 600 பெட்டி சேர்ந்தால் ஒரு பண்டல்.

இதில் பல வேலைகளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே செய்யலாம். ஆகவே மழை பொய்த்த வருஷத்திலும் அடுப்பு எரிந்தது. இயந்திரத்தில் தீப்பெட்டி செய்த பெரிய அந்நியக் கம்பெனியோடு சிறு தொழிலாளர்கள் போட்டி போட முடிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கையால் செய்யும் தீப்பெட்டிக்கு அரசாங்கம் வரியைக் குறைத்துப் போட்டது.

தாயும் பிள்ளைகளும்

தீப்பெட்டியைத் தாய் என்று சொல்லலாம். அதற்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ஒன்று பட்டாசு. மற்றொன்று அச்சுத்தொழில்.

மருந்து கலக்கும் வித்தை தெரிந்தவர்களுக்கு மத்தாப்பு செய்வது பெரிய காரியம் அல்ல. இரண்டாவது உலகப் போரின்போது வெளிநாட்டு வாணங்கள் வருவது நின்றது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்தன. லைசென்சு பெற்று முறையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்துச் சரக்குதான்.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் அல்லவா? அதற்காக அச்சு இயந்திரம் வந்தது. புலியும் மயிலும் ரோஜாவும் வண்ண வண்ணமாக அச்சாயின. பிறகு அதே இயந்திரத்தில் காலண்டரும் டைரியும் நோட்டுப் புத்தகமும் அச்சாயின. ஆடி 18 அன்று அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவது சிவகாசி வழக்கம். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். அநேகமாக "சிவகாசி" என்றுதான் இருக்கும்.

இந்த ஊரின் சுறுசுறுப்பைப் பார்த்து நேரு "குட்டி ஜப்பான்" என்று அழைத்தார் என்று சிவகாசிக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

விளையாத ஊரில் விலை

சிவகாசிக்கு அடுத்து விருதுநகர். முன்பு இதன் பெயர் விருதுப்பட்டி.

இங்கே பருப்பு விளைவது குறைவு. எள்ளும் வத்தலும் கொத்தமல்லியும் வெளியூரில் இருந்து வருபவைதான். ஆனால் அவற்றுக்கு விலை சொல்லும் ஊர் விருதுநகர்! "விருதுநகர் மார்க்கெட் நிலவரம்" என்று பத்திரிகையில் வருகிறதே, அது இந்த ஊர் வியாபாரிகளின் சாமர்த்தியத்துக்குச் சாட்சி.

அந்த வியாபாரிகள் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை "மகமை" என்று பொது நிதிக்கு ஒதுக்கினார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தார்கள். இப்படிச் சேர்ந்த பணத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. 1889-ல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலைப் பள்ளி அப்படி வளர்ந்ததுதான்.

அந்தப் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் காமராஜர். தந்தையை இழந்ததால் அவர் படிப்பைப் பாதியில் விட்டார். 1954-ல் முதல்-மந்திரி ஆனார். மற்ற ஏழைப் பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கக்கூடாது என்று பள்ளிகளில் மதிய உணவு போட்டார்.

ஆலைச் சங்கு

மேற்கே ராஜபாளையம். இது பஞ்சாலை நகரம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் இங்கே நூல் ஆலைக் கம்பெனியைத் தொடங்கினார். 1957-ல் சிமெண்டுக் கம்பெனியையும் ஆரம்பித்தார். கரிசலில் விளைந்த பருத்தி நூல் ஆயிற்று. பந்தல்குடி பூமிக்குள் கிடந்த சுண்ணாம்புக்கல் சிமெண்டு ஆயிற்று.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. இங்கே ஓடும் விசைத்தறிகளில் நெய்வது வேட்டியோ சேலையோ அல்ல. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி! எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் காயம் பட்டவருக்குக் கட்டுப் போடும் துணி இந்தச் சிற்றூரில் நெய்ததாக இருக்கலாம்.

அருப்புக்கோட்டையிலும் தறிச்சத்தம் கேட்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் கொதிக்கும் மணம் வீசும். பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்துக் கிண்டும் அந்தப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்ததை இனி "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா" என்று விற்க முடியாது.

நிப் சொல்லும் பாடம்

இத்தனை தொழில் இருந்தால் கவலை ஏது என்று கேட்கலாம். அதற்குப் பதில் சாத்தூரில் இருக்கிறது.

சாத்தூர் என்றால் இன்று வெள்ளரியும் காரசேவும் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் பேனா நிப்பும் நினைவுக்கு வரும். தகட்டை வெட்டி, வளைத்து, நடுவில் கீறி நிப் செய்யும் பட்டறைகள் இங்கே இருந்தன. பள்ளிப் பிள்ளைகள் அந்த நிப்பால் எழுதினார்கள்.

பிறகு பால்பாயிண்ட் பேனா வந்தது. நிப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின.

ஊரே நம்பிய ஒரு தொழில், உலகம் சற்றுத் திரும்பிப் படுத்தால் நசுங்கிவிடும். இதுதான் நிப் சொல்லும் பாடம்.

தீப்பெட்டிக்கும் இப்போது அந்தச் சோதனைதான். லைட்டர் வந்தது. குச்சி அடுக்கவும் பெட்டி நிரப்பவும் இயந்திரம் வந்தது. 14 வருஷமாக ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆயிற்று. அதற்குள் திண்ணையில் கட்டை அடுக்கிய கைகளில் பல வேறு வேலை தேடிப் போய்விட்டன.

விலை மதிப்பற்ற உயிர்

பட்டாசுக்கு இன்னொரு விலையும் உண்டு. அது உயிர்.

மருந்தில் உராய்வு பட்டால் போதும். ஒரு பொறி எழும். ஒரு பொறி போதும், அறை பறக்கும். அதனால்தான் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்ட வேண்டும், ஓர் அறையில் அளவுக்கு மேல் ஆட்கள் இருக்கக்கூடாது, அளவுக்கு மேல் மருந்தும் இருக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. விதியை மீறும் இடத்தில் விபத்து காத்திருக்கிறது. தீபாவளி அவசரத்தில் பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். காலையில் தூக்குச்சட்டியோடு வேன் ஏறியவர்கள் மாலையில் வீடு திரும்பவில்லை.

ஒரு காலத்தில் அந்த வேனில் சிறுவர் சிறுமிகளும் இருந்தார்கள். பிஞ்சு விரல்கள் வேகமாக அடுக்கும் என்று அவர்களை வேலைக்கு வைத்தார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ.20 ஆயிரம் நிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு அளித்தது. சட்டமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து குழந்தைகளை வேனில் இருந்து இறக்கின.

ஒரே ஆண்டில் மூன்று செய்தி

இந்த ஜில்லாவைப் புரிந்துகொள்ள 2018-ம் ஆண்டைப் பார்த்தால் போதும்.

அந்த ஆண்டு ஜனவரியில், முன்னேற்றத்துக்குத் தனிக் கவனம் தேவைப்படும் ஜில்லாக்களை மத்திய அரசாங்கம் அறிவித்தது. தமிழ்நாட்டில் இருந்து அதில் இடம் பெற்றவை இரண்டே. ஒன்று ராமநாதபுரம். மற்றொன்று விருதுநகர்.

மே மாதம் பிளஸ்-2 பரீட்சை முடிவு வந்தது. தேர்ச்சி விகிதத்தில் தமிழ்நாட்டிலேயே முதல் இடம் விருதுநகர்! 100 பேரில் 97 பேர் பாஸ். அதற்கு முந்திய ஆண்டும் இதே ஜில்லாதான் முதல்.

அக்டோபர் மாதம் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு வந்தது. காற்று கெடுவதால் பட்டாசு வெடிக்க 2 மணி நேரம்தான் அனுமதி. சரவெடிக்குத் தடை. பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை. புகை குறைந்த பசுமைப் பட்டாசுதான் செய்ய வேண்டும்.

டெல்லி நகரத்துக் குழந்தை நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும். அது நியாயம். சரம் பின்னிய சிவகாசித் தாயும் அடுப்பு மூட்ட வேண்டும். அதுவும் நியாயம். இரண்டு நியாயங்களுக்கும் நடுவே இந்த ஜில்லா நிற்கிறது.

வழி எது?

வழி இல்லாமல் இல்லை. சாத்தூர் தாலுகா இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பெரிய ஜவுளிப் பூங்கா அமைக்க 2023-ல் அறிவிப்பு வந்தது. பருத்தி விளையும் மண். நூல் நூற்கும் ஆலை. நெய்யத் தெரிந்த கை. மூன்றும் ஏற்கனவே இருக்கின்றன. தைக்கும் வேலையும் சாயம் ஏற்றும் வேலையும் சேர்ந்தால், வெடிமருந்து அறைக்குப் போகும் கைகளுக்கு வேறு இடம் கிடைக்கும். ஆனால் சாயத்துக்குத் தண்ணீர் வேண்டும். சாயக் கழிவு நிலத்தில் கலக்காமல் இருக்க வேண்டும். வறண்ட ஜில்லாவில் இதை மறந்து காரியத்தில் இறங்கக்கூடாது.

பட்டாசுத் தொழிலும் நாளையே மறைந்துவிடப் போவதில்லை. இருக்கும் வரை அது உயிருக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டும். விதி என்பது சுவரில் ஒட்டும் காகிதம் அல்ல. வேலை செய்பவரின் உயிர்க் காப்பு.

எல்லாவற்றையும் விடப் பெரிய முதலீடு பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பிடி அரிசியில் தொடங்கிய முதலீடு அது.

மாலை மணி 6. அதே பஸ் நிறுத்தத்தில் வேன் வந்து நிற்கிறது. பெண்கள் இறங்குகிறார்கள். காலித் தூக்குச்சட்டி கையில் ஆடுகிறது. விரல்களில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம். எத்தனை கழுவினாலும் அது லேசில் போகாது.

வீட்டில் மகள் விளக்கடியில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டு இருக்கிறாள். அவள் எழுதும் நோட்டு சிவகாசியில் அச்சானது. அதை வாங்கிய காசு சிவகாசியில் சம்பாதித்தது.

தாய்க்கு ஒரே ஆசைதான். அந்த வேனில் மகள் ஏறக்கூடாது.