சுவருக்குள் ஒளிந்த தொட்டி

கழிப்பறையைப் பற்றி எழுதுவது நாகரிகமாகுமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். வாடகை வீட்டில் வாழும் குடும்பத்தினர்க்கு இதனால் நேரும் பொருளிழப்பைத் தவிர்க்கலாம் என்பதால், என் அனுபவத்தைத் தயக்கமின்றி எழுதுகின்றேன்.

1990ஆம் ஆண்டில் டெக்னோபார்க் தோன்றிய பின்னர், கழக்கூட்டத்தில் அடுக்குமாடி வீடுகள் பெருகின. இவற்றுள் பலவற்றில் கழிப்பறையின் தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குப் புலனாவதில்லை. அதனைச் சுவருக்குள் புதைத்துவிட்டு, இரண்டு பொத்தான்கள் கொண்ட பலகையை மட்டும் வெளியே பொருத்துகின்றனர். சுவிட்சர்லாந்து நாட்டுக் கெபெரிட் நிறுவனம் 1964லேயே இவ்வகைத் தொட்டியைச் செய்யத் தொடங்கியது. பார்வைக்கு அழகுதான், ஆயினும் பழுது நேர்ந்தால் எங்கே கை வைப்பதென்று நமக்குத் தெரிவதில்லை.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கழிப்பறையில் ஓயாது நீர் கசிந்தது. வந்து பார்த்த பணியாளர் ஒருவர், “டைல்ஸை உடைக்காமல் வழியில்லை” என்றார். ரயில்வே குமாஸ்தாவின் சம்பளத்தில் அச்செலவு எளிதன்று. சுவரை உடைத்தால் வீட்டுக்காரரிடம் கொடுத்த முன்பணமும் கரைந்துவிடுமே என்று என் மனைவி கலங்கினாள்.

நல்லகாலமாக, நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர் ஒருவரை நண்பர் அழைத்து வந்தார். குழாய் வேலையில் முதிர்ந்தவர் அவர். “தம்பி, சுவரை உடைக்க வேண்டாம். இந்தப் பலகைதான் தொட்டிக்குக் கதவு” என்றார். “இத்தனை நாளும் இது தெரியாமல் போயிற்றே, அண்ணாச்சி!” என்றேன்.

அவர் கற்பித்தது இதுவே. முதலில் கசிவை உறுதி செய்ய வேண்டும். நீர் விட்டு அரைமணி கழிந்தபின், கோப்பையின் பின்புறத்தைத் துடைத்து, அங்கே காகிதத் துண்டு ஒன்றை ஒட்டுக. அது நனைந்தால் கசிவு உண்டு.

அடுத்து, பலகையைக் கழற்றுக. சில பலகைகள் மேல்நோக்கித் தள்ளினால் கழலும். சிலவற்றின் அடிப்புறத்தை அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் காப்புத் தகட்டையும் எடுத்தால், நீர் வரும் வழியை அடைக்கும் சிறிய வால்வு தெரியும். தொட்டி நிறைந்திருக்கையில் அதனை மூடிவிட்டுக் காத்திருங்கள். நீர்மட்டம் சற்றே தாழ்ந்து கசிவு நின்றுவிட்டால், மிதவை வால்வு சரிவர அடைபடவில்லை என்பது பொருள். மிகுந்த நீர் வழிகுழல் மூலம் கோப்பைக்குள் இறங்கியிருக்கிறது. மட்டம் தொடர்ந்து குறைந்து கசிவும் நில்லாதிருந்தால், அடிவால்வின் ரப்பர் வாஷரே குற்றவாளி.

எங்கள் வீட்டில் வாஷர்தான் பழுதாகியிருந்தது. பெரியவர் நீர் வரும் வால்வை மூடி, தொட்டியைக் காலி செய்து, அடிவால்வை மேலே தூக்கி எடுத்தார். வாஷரின் விளிம்பு தேய்ந்து, அதன்மேல் செம்மண் படிந்திருந்தது. படிவு மட்டுமே எனில் கழுவி மீண்டும் பொருத்தலாம். தேய்ந்திருந்தால் அதே வகை வாஷரையே வாங்க வேண்டும். திருகாணி தொட்டிக்குள் விழாதபடி துணியொன்றால் மறைத்துக்கொள்வது நலம். பொத்தானின் தள்ளுகோல்கள் வேண்டிய அளவினும் நீண்டிருந்தால், அடிவால்வு சரியாக அமராது, மறுபடியும் கசியும்.

சுவரில் ஈரம் படர்ந்தாலோ, கீழ்வீட்டுக் கூரையில் கறை தோன்றினாலோ, அது வேறு பழுது. அப்போது வீட்டுக்காரருக்கு அறிவித்துத் தேர்ந்த பணியாளரை அழைத்தல் வேண்டும்.

இச்சிறு கசிவை அற்பமென்று எண்ணற்க. 200 மில்லி கொண்ட டம்ளர் ஐந்து நிமிடத்தில் நிரம்பும் அளவு கசிந்தால், நாளொன்றுக்கு 57 லிட்டருக்கு மேல் வீணாகும். ஒரு திங்களில் ஏறத்தாழ 1,700 லிட்டர்! 2023 பிப்ரவரியில் கேரளத்தில் குடிநீர்க் கட்டணம் லிட்டருக்கு ஒரு காசு உயர்ந்ததை நாம் மறக்கவில்லை. பணம் ஒருபுறம் இருக்கட்டும். கரமனை ஆற்றிலிருந்து அருவிக்கரை வழியாகத் திருவனந்தபுரம் மக்களுக்கு வரும் நீர், பிழைக்க வந்த நமக்கும் தாகம் தீர்க்கின்றது. அதனை வீணாக்காதிருத்தல் நம் கடமையன்றோ?

ஆகவே அன்பர்களே, சுத்தியலை எடுக்குமுன் பலகையைத் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டுச் சுவர் இன்றும் முழுமையாக நிற்கிறது. முன்பணமும் பத்திரமாக இருக்கிறது.