காலுக்குள் ஒரு ஃபுட் வால்வு

கிணற்றில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் மட்டும் வராது. குழாயில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர் இரவோடு இரவாகக் கிணற்றுக்கே இறங்கியிருக்கும். ஃபுட் வால்வு ஒழுகுகிறது என்று அர்த்தம். காலில் பச்சையும் நீலமுமாகப் புடைத்து, மண்புழு போல நெளிந்து கிடக்கும் வெரிகோஸ் வெயினும் ஏறக்குறைய இதே கோளாறுதான்.

ஊரில் இதை ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்பார்கள். பாதிக் குழப்பம் இந்தப் பெயரால் வருவது. நம் பேச்சில் ரத்தக் குழாயும் நரம்பு, உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்பு. ஊசி போட வரும் நர்ஸ்கூட ‘நரம்பே கிடைக்கலை’ என்றுதான் சொல்கிறார். அதனால்தான் மருந்துக் கடையில் ‘நரம்புக்கு’ என்று கேட்டு, வைட்டமின் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சுருண்டிருப்பது சிரை, இதயத்துக்கு ரத்தம் திரும்பிப் போகும் குழாய். அதன் வால்வை எந்த மாத்திரையும் சரிசெய்யாது.

நின்றுகொண்டிருக்கும்போது கணுக்காலிலிருந்து இதயத்துக்கு ஏறக்குறைய நாலடி உயரம். இதயம் தள்ளிவிட்ட வேகம் நுண்குழாய்களைத் தாண்டுவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிறகு ரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் சதை. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அது இறுகி, உள்ளே இருக்கும் ஆழ்சிரைகளைப் பிழிகிறது. பிழிந்த ரத்தம் கீழே சரியாதபடி இடையிடையே மெல்லிய இதழ் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் சிரையின் அழுத்தம் 80, 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நாலு எட்டு நடந்தால் 30-க்குப் பக்கத்தில் வந்துவிடும். வால்வு கெட்டவர்களுக்கு நடந்தாலும் அந்த அளவுக்கு இறங்காது.

வால்வு வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம். கையைச் சற்று நேரம் தொங்கவிட்டு, முன்கையில் புடைக்கும் ஒரு சிரையைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கைப் பக்கம் வழித்துவிட்டு, அந்த இரண்டாவது விரலை எடுத்துவிடுங்கள். மேலே ரத்தம் நின்றாலும் ஒரு வால்வு வரைக்கும்தான் கீழே வரும். அதற்குக் கீழே சிரை தட்டையாகவே கிடக்கும். மணிக்கட்டு விரலை எடுத்ததும் கீழிருந்து சட்டென்று நிரம்பும். ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628-இல் எழுதிய வில்லியம் ஹார்வி காட்டிய சோதனை இது. அவருடைய பதுவா ஆசிரியர் ஃபாப்ரீசியஸ் இந்தச் சின்னக் கதவுகளை முன்பே விவரித்திருந்தார். ஆனால் அவை எதற்கு என்பதைப் பிடிக்கத் தவறிவிட்டார்.

வால்வு ஏன் கெடுகிறது? அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். வயது, உடல் எடை, பிள்ளைப்பேறு ஆகியவையும் சேரும். கர்ப்பக் காலத்தில் ஹார்மோன் சிரையின் சுவரைத் தளர்த்துகிறது, வளரும் கருப்பையும் மேலே அழுத்துகிறது. இதோடு நாள் முழுக்க நின்றபடி வேலை என்றால் சொல்லவே வேண்டாம்.

அறிகுறி மெதுவாக வரும். சாயங்காலத்தில் கால் கனக்கும், இரவில் கெண்டை பிடித்து இழுக்கும், கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி நிற்கும். பிறகு கணுக்காலின் உள்பக்கத் தோல் கறுத்து, அரிப்பெடுக்கும். அங்கே சொறிந்த கீறல்தான் பல பேருக்கு ஆறாத புண்ணாகிறது. கறுப்பு தெரிந்ததும் மருத்துவரிடம் போய்விட வேண்டும். ஒரே காலில் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தால் அது ஆழ்சிரையில் ரத்தக் கட்டாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். புடைத்த சிரை உடைந்து ரத்தம் கொட்டினால் கயிறு கட்டாதீர்கள். படுத்துக்கொண்டு காலை உயர்த்தி, சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

எந்த வால்வு ஒழுகுகிறது என்று டாப்ளர் ஸ்கேன் காட்டும். பழைய காலத்தில் சிரையை வெட்டி எடுத்தார்கள். ரோமானியத் தளபதி மாரியஸ் கட்டிப்போடாமலேயே ஒரு காலைக் கொடுத்துவிட்டு, மறுகாலுக்கு மறுத்துவிட்டார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். வலிக்கு அஞ்சாத மனிதர்தான்; கிடைத்த பலன் பட்ட வலிக்கு ஈடில்லை என்பது அவர் கணக்கு. இப்போது மரத்துப்போக ஊசி போட்டு, சிரைக்குள் மெல்லிய இழையை நுழைத்து, லேசரிலோ ரேடியோ அலையிலோ சூடேற்றி மூடிவிடுகிறார்கள். பெரும்பாலும் அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். நுரை மருந்து செலுத்தி அடைப்பதும் உண்டு. ‘குழாயையே அடைச்சா ரத்தம் எப்படிப் போகும்?’ என்று கேட்காதவர்கள் குறைவு. காலின் ரத்தத்தில் பெரும்பங்கு எப்போதும் ஆழ்சிரை வழியாகத்தான் போகிறது; அடைப்பது தோலை ஒட்டிய மேல்சிரையை மட்டும். இதய பைபாஸுக்குக் காலிலிருந்து எடுப்பதும் பெரும்பாலும் இந்த மேல்சிரையைத்தான். எடுத்த பிறகும் கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூடியபின் வேறொரு சிரை புடைக்கலாம் என்பதையும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

அழுத்தக் காலுறையைக் காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன், படுக்கையை விட்டு இறங்காமலே போட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊர் மே மாதத்தில் அது தண்டனைதான், ஒத்துக்கொள்கிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்துக்குப் போகும் தமனி ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் போடக்கூடாது. மற்றபடி நடை, எடைக் குறைப்பு, கிடைத்த நேரத்தில் காலை உயர்த்தி வைப்பது. நிற்கிற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினாலும் கெண்டைப் பம்பு ஓடும். பரம்பரையாக வருவதை இவையெல்லாம் முழுக்கத் தடுக்காது; கனமும் வீக்கமும் குறையும்.

துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிற பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்ல எனக்குக் கூச்சம். அவருக்கு முதலில் வேண்டியது உட்கார ஓர் இடம். கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் கடை ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டத்தைத் திருத்தின. போன தீபாவளிக்கு நான் சேலை எடுத்த கடையிலும் முக்காலிகள் இருந்தன. அவற்றின் மேல் பிரித்துப் போட்ட சேலைகளை அடுக்கியிருந்தார்கள்.