பச்சையாகும் மீன்தொட்டி

வெயில் பகலெல்லாம் ஜன்னல் வழியே இறங்குகிற இடத்தில் தங்கமீன் தொட்டியை வைத்தால், சில நாட்களிலேயே தண்ணீர் பச்சையாகிவிடும். காரணம் வெயில் மட்டுமல்ல. வயிறு என்ற உறுப்பே இல்லாத தங்கமீன் ஓயாமல் தின்னும், ஓயாமல் கழிக்கும். அந்தக் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நுண்ணுயிரிகள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. பாசிக்கு அதுவே உரம்.

பாசி மீனுக்கு விஷமில்லை. ஜப்பானியர்கள் தங்கமீன்களைப் பச்சைத் தண்ணீரில் வேண்டுமென்றே வளர்ப்பதுண்டு. ஆனால் பாசி அடர்ந்தால், இரவில் அதுவும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறினால் உடனே கவனிக்க வேண்டும்.

தொட்டியை நிழலுக்கு மாற்றலாம். விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கே தீனி.

வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுவது நல்லது; குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்து ஊற்றவும். வடிகட்டிப் பஞ்சை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். குழாயடியில் பிழிந்தால் நல்ல நுண்ணுயிரிகள் செத்துப்போகும்.