பழைய நாளிதழ்களில் சென்னை

சென்னையின் முதல் செய்தித்தாளான ‘மெட்ராஸ் கூரியர்’ 1785-இல் தொடங்கியது. 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ 1899-இல் நாளிதழானது. ஊர் வரலாறு தேடுவோருக்கு இத்தகைய இதழ்கள் விலைமதிப்பற்றவை.

எடுத்துக்காட்டாக, 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையைப் பீரங்கியால் சுட்டது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. பாடநூல்களில் இது ஓரிரு வரியோடு முடிந்துவிடும். அன்று ஊரைவிட்டு ஓடிய மக்களின் பீதியை உணர, அடுத்தடுத்த நாள் இதழ்களை வரிசையாகப் படிக்க வேண்டும். போர்க்காலத் தணிக்கை இருந்ததால் அரசு ஆவணங்களோடு ஒப்பிடுவதும் அவசியம்.

தலைப்புச் செய்திகளைவிட விளம்பரங்களே பல நேரம் கூடுதலாகப் பேசும்: துணி விலை, மருந்து, நாடகக் கொட்டகை, கப்பல் புறப்படும் நாள். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய பழைய தமிழ் இதழ்கள் பலவற்றை நுண்படச் சுருள்களில் காத்துவருகிறது.