ரப்பர்ப் பசை: அதன் பற்றும் பிடிப்பும்

பலாப்பழம் அரிவோர் முதலில் கைகளிலும் அரிவாள்மணையிலும் எண்ணெய் தடவிக்கொள்வது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். எண்ணெய் பட்ட இடத்தில் பலாப்பால் பற்றாது என்பது சிறு பிள்ளைகளும் அறிந்தது. பலாப்பால் தொட்டவுடன் ஒட்டிக்கொள்ளும். ஆயினும் அதைக் கொண்டு ஒட்டிய பொருளைச் சற்றே பலமாய் இழுத்தால் கையோடு வந்துவிடும். அதில் பிசின் மிகுதி, ரப்பர் சொற்பம். ரப்பர் மரத்துப் பாலோ இதற்கு நேர் மாறானது. அது உலர்ந்தபின் எவ்வளவு இழுத்தாலும் நீண்டு கொடுக்குமேயன்றி எளிதில் அறாது.

ஒட்டும் பொருள் எதுவாயினும் அதற்கு இரண்டு குணங்கள் வேண்டும். மெல்ல அழுத்தின மாத்திரத்தில் பற்றிக்கொள்ளுதல் ஒன்று. இதைப் பற்று என்போம். பற்றியபின் இழுப்பையும் பாரத்தையும் தாங்கி நிற்றல் மற்றொன்று. இதைப் பிடிப்பு என்போம். பற்றுக்குப் பொருள் மிருதுவாயிருத்தல் வேண்டும். பிடிப்புக்கு உறுதியாயிருத்தல் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு குணங்களையும் ஒரே சரக்கில் அமைப்பதே ரப்பர்ப் பசை செய்வோரின் வித்தை. அதை அறிந்து உபயோகிப்பவருக்கு ஒட்டு நிலைக்கும். அறியாதவருக்குப் பணமும் காலமும் நஷ்டமாகும்.

இவ்விஷயம் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கு மட்டும் உரியதன்று. டயர் வண்டி, டிராக்டர், டிரெய்லர் ஆகியவற்றின் டியூப்களுக்கு ஒட்டுப் போடுவதும், பம்பு மோட்டார் கம்பி இணைப்புகளில் டேப் சுற்றுவதும் ரப்பர்ப் பசையை நம்பியே நடைபெறுகின்றன. ஆலைக்குச் செல்லும் கரும்புப் பாரம் டியூப் ஒட்டு விட்டதனால் வழியில் நின்றுவிட்டால், வெட்டிய கரும்பு நாளுக்கு நாள் எடையும் சர்க்கரைச் சத்தும் குறைந்துகொண்டே போகும். சில நிமிஷப் பொறுமையின்மை ஒரு வருஷ உழைப்பின் பலனைக் குறைத்துவிடுதல் கூடும்.

ரப்பர்ப் பாலின் இயல்பு

ரப்பர் மரத்தின் பூர்வீகம் தென் அமெரிக்காவிலுள்ள அமேஸான் நதிப் பிரதேசமாகும். 1876-ல் ஹென்றி விக்ஹாம் என்பவர் அங்கிருந்து கொணர்ந்த விதைகள் லண்டனையடுத்த கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டன. அந்நாற்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பின்னர் இம்மரம் மலேயாவிலும் தென்னிந்தியாவிலும் பரவிற்று. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி ஜில்லாவின் மலையடிவாரங்களில் இது பெரும் பயிராக விளங்குகிறது.

பட்டையைச் சீவினால் வடியும் பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பாகம் ரப்பர்; மீதியில் பெரும்பகுதி ஜலம். நுண்ணிய ரப்பர்த் துளிகள் புரதப் போர்வை போர்த்து ஜலத்தில் மிதக்கின்றன. பாலை அப்படியே வைத்தால் கிருமிகள் பெருகிப் புளிப்பு உண்டாகி, துளிகள் ஒன்றாய்த் திரண்டுவிடும். பசை செய்வதற்குப் பாலாகவே அனுப்ப வேண்டியதைத் திரளாமல் காக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். யந்திரத்தில் சுழற்றி ஜலத்தைப் பிரித்து, நூற்றுக்கு 60 பாகம் ரப்பர் உள்ளதாகச் செறிவாக்கி விற்கிறார்கள்.

ரப்பர் பயிரிடுவோர் ஒன்றை மறத்தலாகாது. செம்பும் மாங்கனீஸும் ரப்பருக்கு விஷம் போன்றவை. அவை சிறிதளவு கலந்தாலும் பிராணவாயு ரப்பரை விரைவில் அரித்துவிடும். ஆதலால் செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் பாலை ஊற்றுதல் கூடாது. தூசும் பட்டைத் துணுக்கும் கலவாத பாலுக்கே நல்ல பசை செய்வோரிடம் மதிப்புண்டு.

பச்சை ரப்பரும் வெந்த ரப்பரும்

ரப்பரின் அணுக்கோவைகள் மிக நீண்ட சங்கிலிகள் போன்றவை. நூற்கண்டு போல ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. கந்தகம் சேர்க்காத பச்சை ரப்பரைப் புதிதாய் வெட்டி, வெட்டுமுகம் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அவை தாமே ஒன்றாகிவிடும். ஒரு முகத்திலுள்ள சங்கிலிகளின் நுனிகள் மறு முகத்தினுள் ஊடுருவிச் சிக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். ஆனால் டியூபிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டி எவ்வளவு அழுத்தினாலும் அவை ஒட்டுவதில்லை. இவ்வேற்றுமையை அறிந்தால் ரப்பர்ப் பசையின் இரகசியம் முழுவதும் விளங்கும்.

1823-ல் ஸ்காட்லாந்து தேசத்து சார்ல்ஸ் மாக்கின்டாஷ் என்பவர், தார் எண்ணெயிலிருந்து வடித்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி மழைக்கோட்டு செய்தார். அத்துணி கோடையில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839-ல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் என்பவர் ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குமெனக் கண்டார். கந்தகம் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போல் நின்று அவற்றைப் பிணைக்கிறது. இதுவே வல்கனைஸ் செய்தல் எனப்படும். பிணைக்கப்பட்ட ரப்பர் கோடைக்கும் குளிருக்கும் அஞ்சாது. ஆனால் அதன் சங்கிலிகள் இடம்விட்டு நகர மாட்டாமையால் பற்று போய்விடும்.

சுருங்கச் சொன்னால், பச்சை ரப்பருக்குப் பற்று உண்டு, பிடிப்பு குறைவு. வெந்த ரப்பருக்கு உறுதி உண்டு, பற்று இல்லை. முதலில் பச்சையாய்ப் பற்றி, பின்னர் இருந்த இடத்திலேயே வெந்து உறுதிப்படும்படி செய்வதே டியூப் ஒட்டும் முறையாகும்.

பசையில் சேரும் சரக்குகள்

முதலாவது ரப்பர். இதை உருளைகளுக்கிடையே பிசைந்து நீண்ட சங்கிலிகளைச் சற்றுக் குறுக்கி மிருதுவாக்குவர். அதிகம் பிசைந்தால் பிடிப்பு கெடும், போதாவிட்டால் கரையாது.

இரண்டாவது பிசின். பைன் மரப் பாலிலிருந்து டர்ப்பன்டைன் வடித்தபின் எஞ்சும் ரோசின் இவ்வகையைச் சேர்ந்தது. தனி ரப்பர் எல்லாப் பரப்பிலும் எளிதில் படியாது. பிசின் சேர்ந்தால் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் நன்கு படியும். டேப்பில் பூசும் பசையில் ரப்பர் 100 பங்குக்கு ஏறத்தாழ அதே அளவு பிசின் சேர்ப்பதும் உண்டு. பிசின் வரம்பு மீறினால் பசை கண்ணாடி போல் விறைத்துப் பற்றிழந்துவிடும்.

மூன்றாவது காப்புச் சரக்கு. வெயிலும் பிராணவாயுவும் ரப்பரின் சங்கிலிகளை அறுப்பதால், பழைய டேப் முதலில் குழைந்து பின் வறண்டு போவதைக் காண்கிறோம். இதைத் தடுக்கும் சரக்கு 100-க்கு 1 அல்லது 2 பங்கு போதும்.

நான்காவது கரைப்பான். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் இலேசான ஸ்பிரிட்டும் டொலுயீனும் இதில் அடங்கும். கடையில் விற்கும் சொலூஷன் டப்பாவில் பெரும்பங்கு கரைப்பானே. ரப்பர் சிறு பங்குதான். கரைப்பான் ரப்பரைப் பரப்ப உதவும் வாகனமேயன்றி ஒட்டும் பொருளன்று. வேலை முடிந்ததும் அது வெளியேறிவிட வேண்டும்.

தச்சர் உபயோகிக்கும் வஜ்ஜிரம் உலர்ந்து கல்லாகிறது. அசையாத மரத்துக்கு அது தகும். காற்று ஏற ஏற விரிந்து, பாரம் ஏற ஏற நெளியும் டியூபுக்குக் கூடவே நெளியும் ரப்பர்ப் பசையே தகும்.

டியூபுக்கு ஒட்டுப் போடும் முறை

துவாரத்தைக் கண்டு, டியூபைத் துடைத்து நன்றாய் உலர்த்துக. ஒட்டுத் துண்டைக் காட்டிலும் சற்று அகலமான இடத்தை அரத்தால் அல்லது உப்புத்தாளால் தேய்த்து மேல் மெருகை நீக்குக. பழைய ரப்பரின் மேல் பூத்திருக்கும் மெழுகும் கந்தகமும் பலாப்பழத்தில் எண்ணெய் செய்யும் வேலையையே செய்யும். தேய்த்த பொடியைத் துடைத்தபின் அவ்விடத்தில் விரல் படலாகாது. விரலிலும் எண்ணெய்ப் பசை உண்டு.

சொலூஷனை மெல்லியதாகவும் சீராகவும் பூசுக. தடிப்பாய்ப் பூசினால் பலம் மிகும் என்பது தவறான எண்ணம். தடிப்பான பூச்சின் மேற்பாகம் காய்ந்து அடிப்பாகத்துக் கரைப்பானை உள்ளே அடைத்துவிடும். பூசியபின் சுமார் 5 நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஈரப் பளபளப்பு நீங்கி மங்கலாகி, பூச்சின் ஓரத்தை விரலின் புறத்தால் தொட்டால் இழுக்க வேண்டும்; ஆனால் விரலில் ஒட்டிவரக் கூடாது. மழைக்காலத்தில் அதிக நேரம் வேண்டும். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பற்றைக் குறைத்துவிடும்.

ஈரத்தோடு ஒட்டினால் உட்புகுந்த கரைப்பான் வெளியேற வழியின்றிக் கொப்புளமாகும். வண்டி ஓடிச் சூடேறியதும் ஒட்டு பெயரும். மிகத் தாமதித்தாலோ தூசு படிந்து பற்று அழியும்.

பிறகு துண்டின் அடியிலுள்ள காகிதத்தை உரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் காற்று அடைபடாதபடி அழுத்துக. அழுத்தம் எவ்வளவு பலமோ அவ்வளவு பரப்பு ஒன்றுபடும். ஒட்டுத் துண்டின் அடியிலுள்ள பச்சை ரப்பரில், சாதாரண உஷ்ணத்திலேயே மெல்ல வல்கனைஸ் ஆவதற்கான சரக்குகள் அமைந்துள்ளன. ஆதலால் இன்று ஒட்டிய ஒட்டு நாளை இன்னும் பலப்படும்.

மோட்டார் கம்பிக்கு டேப் சுற்றுதல்

டேப்பில் உள்ள பசை என்றும் மிருதுவாகவே இருக்கும்படி செய்யப்பட்டது. டியூப் ஒட்டைப் போல் வேகாது. ஆகவே இடைவிடாத இழுப்பிலும் சூட்டிலும் மெல்ல வழுக்கும். இணைப்பின் பலம் கம்பியின் முறுக்கில் இருக்க வேண்டுமேயன்றி டேப்பில் அன்று. ஈரம் படும் இணைப்புகளுக்கு, இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒன்றாகிவிடும் ரப்பர் டேப்பை முதலில் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப்பைச் சுற்றுதல் நலம். முதலில் மின்சாரத்தை நிறுத்துதல் இன்றியமையாதது.

ரப்பர்ப் பசை ஒட்டாத இடங்கள்

சொட்டு நீர்க் குழாய், தார்ப்பாய் முதலிய பாலித்தீன் பொருள்கள் எண்ணெய் தடவியது போன்ற பரப்புடையவை. ரப்பர்ப் பசை அவற்றில் படிந்து நிற்காது. அறுந்த சொட்டு நீர்க் குழாயை இணைப்பானால் சேர்ப்பதே முறை. பி.வி.சி. குழாய்க்கு உரிய பசை வேறு. அது குழாயின் மேற்பரப்பையே கரைத்து ஒன்றாக்குகிறது. அதனால் டியூப் ஒட்டுவதும், சொலூஷனால் குழாய் ஒட்டுவதும் வீண். மிருதுவான பி.வி.சி. ஹோஸில் உள்ள எண்ணெய் போன்ற சரக்கு நாளடைவில் ரப்பர்ப் பசைக்குள் இறங்கி அதைக் குழைத்துவிடும். முதல் நாள் நிற்கும் ஒட்டு சில நாளில் நழுவுவது இதனால்தான்.

எச்சரிக்கை

கரைப்பானின் ஆவி எளிதில் தீப்பற்றும். அது காற்றினும் கனமானதாகையால் தரையோடு தவழ்ந்து தூரத்திலுள்ள அடுப்பையும் எட்டக்கூடும். சாளரமில்லாத மோட்டார் அறையிலும், பீடி, விளக்கு உள்ள இடத்திலும் இவ்வேலை செய்தல் கூடாது. சொலூஷன் கெட்டியானால் டீசல், மண்ணெண்ணெய் ஊற்றி இளக்குவோர் உண்டு. அவை முழுதும் ஆவியாகாமல் எண்ணெயாய்த் தங்கிப் பற்றைக் கெடுக்கும். இவ்வாவியை முகர்ந்து மயக்கம் தேடும் பழக்கம் மூளைக்கும் உயிருக்கும் கேடு விளைவிப்பது. பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி டப்பாவைப் பூட்டி வைக்க வேண்டும். கிராம அதிகாரிகளும் கடைக்காரர்களும் சிறுவர் இதனை அடிக்கடி வாங்குவதைக் கண்டால் பெற்றோருக்கு அறிவித்தல் கடமையாகும்.

கவனிக்கத்தக்க விஷயங்கள்

1. ஒட்டும் இடம் எண்ணெய், தூசு, ஈரம் அற்றிருக்க வேண்டும்.
2. பூச்சு மெல்லியதாயிருக்க வேண்டும்.
3. பளபளப்பு நீங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.
4. ஒட்டியபின் நடுவிலிருந்து ஓரம்வரை பலமாய் அழுத்த வேண்டும்.
5. பொருளுக்கு ஏற்ற பசையையே தேர்ந்து உபயோகிக்க வேண்டும்.
6. டப்பாவை இறுக மூடி, நெருப்புக்கும் வெயிலுக்கும் விலக்கி வைக்க வேண்டும்.

இவற்றுள் செலவு பிடிப்பது ஒன்றுமில்லை. அறுவடைக்கும் ஆலைப் பருவத்துக்கும் முன்பே ஒருமுறை டியூப்களைச் சோதித்து, ஓய்ந்த வேளையில் பொறுமையாய் ஒட்டி வைக்கும் விவசாயிக்கு, அவசர வேளையில் பாரம் வழியில் நில்லாது.