சிரட்டையில் அழும் உப்பு

லயத்து அடுப்படியில் சிரட்டையில் வைத்திருக்கும் உப்பு ஆடி மாதத்தில் தண்ணீர் விடும். "உப்பு அழுவுது, மழை வரப்போவுது" என்பார் அப்பாயி. அவர் சொன்னது பொய்த்ததில்லை. சப்ரகமுவையில் மழை வராத நாளைச் சொல்வதுதான் கஷ்டம்.

உப்பு ஏன் அழுகிறது? அது விளையும் இடத்தையே பார்த்துவிடுவோம் என்று கஹவத்தைப் பக்கத்திலிருந்து ஒரு விடியலில் தனியாக பைக்கை எடுத்தேன். கொடகவெல வரை தூறல். எம்பிலிப்பிட்டி தாண்டியதும் முதுகில் ஒட்டியிருந்த சட்டை தானாகக் காய்ந்தது. தேயிலையும் இறப்பரும் பின்னால் போய், வயல் வந்து, அதுவும் போய் முள்மரம் வந்தது. நோனாகமச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் அம்பலாந்தோட்டை, அப்புறம் அம்பாந்தோட்டை.

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அம்பாந்தோட்டையில் ஏறக்குறைய 1,000. இரண்டு ஊருக்கும் அதே தென்மேற்குக் காற்றுதான். நம் பக்கம் அது மலையில் முட்டி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, சுமந்து வந்த நீரைக் கொட்டுகிறது. அம்பாந்தோட்டையின் தட்டைக் கரையில் அதை மேலே தூக்கிவிட மலை இல்லை. கொட்டாமல் வீசிக்கொண்டே போகிறது. உப்புக்கு வேண்டியதும் அதுதான்: வெயில், ஓயாத காற்று, மழையில்லாத சில மாதங்கள்.

இங்குள்ள உப்புக் களப்புகளைச் சிங்களத்தில் 'லேவாய' என்பார்கள். கோடையில் நீர் வற்றி, மனிதக் கை படாமலே உப்புப் படிந்த இடங்கள் இவை. 1908 முதல் 1911 வரை இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வுல்ஃபின் வேலைகளில் உப்பு அள்ளுவதை மேற்பார்ப்பதும் ஒன்று.

ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. வற்ற வற்ற அவை ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. முதலில் சுண்ணாம்பு. நீர் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும்போது ஜிப்சம். பத்தில் ஒன்றாகும்போதுதான் நாம் உண்ணும் உப்பு. உப்பளத்தில் பாத்தி பாத்தியாக நீரை நகர்த்துவதன் சூட்சுமம் இதுதான்: வேண்டாததை முன்பாத்தியிலேயே விட்டுவிடலாம்.

உப்பு படிந்த அந்த வெள்ளைப் பரப்பில் பைக்கை விட எனக்கும் ஆசைதான். தூரத்தில் தண்ணீர்போல் பளபளக்கும் கானல் வேறு கூப்பிட்டது. ஆனால் மேலே மெல்லிய ஓடு, கீழே சேறு, வரம்போடு நின்றுகொண்டேன். பொலிவியாவின் உயுனி உப்புவெளி 10,000 சதுர கிலோமீட்டருக்கும் பெரிது. அங்கே வண்டிகள் ஓடுகின்றன. மழைக்காலத்தில் நீர் பரவி மேடுகளைக் கரைத்து, பள்ளங்களில் படிய வைத்து, ஆண்டுதோறும் தரையைத் தானே மட்டம் செய்துகொள்கிறது. ரசமட்டம் பிடித்தாலும் இத்தனை நேர்த்தி வராது.

என் கேள்விக்குப் பதில் கடைசிப் பாத்தியில் இருந்தது. உப்பு படிந்தபின் மிஞ்சும் நீர் கசக்கும். அதில் மக்னீசியம் உப்புகள் மிகுதி. அதை வடித்துவிட வேண்டும். வாரிய உப்பைக் குவித்துக் கிடக்கவிடுவதும் ஒட்டியிருக்கும் மிச்சம் வடியத்தான். சுத்தமான சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கரையத் தொடங்கும். மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். நம் லயத்தில் ஆடி மாதத்து ஈரப்பதம் முதல் எல்லையையே சாதாரணமாகத் தாண்டும். அப்புறம் சிரட்டை என்ன செய்யும்?

இன்னொன்று. நம் மலை மண்ணிலிருந்து அயோடினை மழை கழுவிக்கொண்டு போய்விடுகிறது; நாட்டின் ஈரவலயத்தில் முன்கழுத்துக் கழலை அதிகம் காணப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. போன அயோடின் கடலுக்குத்தான் போகிறது, ஆனால் உப்போடு திரும்பி வருவதில்லை. விளைந்த உப்பில் அது இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் உணவு உப்பில் அயோடின் சேர்ப்பதை இலங்கை 1995-இல் சட்டமாக்கியது. அப்படிச் சேர்த்த அயோடின் ஈரத்தில் குறைந்துபோகும். அழும் உப்போடு வடிந்தும் போகும்.

திரும்பி வந்ததும் பைக்கைப் பீலித் தண்ணீரில் கழுவினேன். உப்புக்காற்று பட்ட சங்கிலி சீக்கிரம் துருப்பிடிக்கும். சிரட்டையையும் மாற்றினேன். நீங்களும் உப்பை மூடியுள்ள போத்தலில் போட்டு, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். மழை வருவதை அறிய வானத்தைப் பார்த்தால் போதும்.