கூட்டத்தைப் பிரியாத திமிங்கிலங்கள்

மலை சூழ்ந்த கண்டியில் வாழும் எமக்குக் கடல் தூரம். ஆயினும் 2020 நவம்பர் 2ஆம் திகதி பாணந்துறைக் கரையில் நூறளவிலான பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கிக் கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தது இன்னும் என் மனதில் நிற்கிறது.

திமிங்கிலங்கள் இரு வகை. நீலத் திமிங்கிலம் போன்றவை வாயிலுள்ள தகடுகளால் இரையை வடித்து உண்பவை. மற்றவை பல்லுள்ளவை. இவற்றுக்கு மூச்சுத் துளை ஒன்றே. ஒலி எழுப்பி, அதன் எதிரொலியால் இரையையும் வழியையும் அறிகின்றன.

வடதுருவக் கடலின் வெள்ளைப் பெலுகாவும் இவ்வினமே. அதற்கு முதுகுத் துடுப்பு இல்லை. பனிக்கட்டியின் கீழ் நீந்த அது வசதி. கழுத்தெலும்புகள் ஒட்டாததால் தலையைத் திருப்பவும் முடியும். எமது வெப்பக் கடலின் பைலட் திமிங்கிலமோ கரியது. வளைந்த முதுகுத் துடுப்புடையது. திருகோணமலைக்கு அப்பால் காணப்படும் ஸ்பேர்ம் திமிங்கிலமே பல்லுள்ளவற்றில் மிகப் பெரியது; கணவாய் தேடி 1000 மீற்றருக்கும் கீழே செல்லும்.

பைலட் திமிங்கிலங்களின் கூட்டுப் பாசமே சில வேளை அவற்றுக்கு ஆபத்தாகிறது. ஒன்று கரையேறினால் மற்றவையும் பின்தொடரும். தனியே கடலில் விட்டாலும் கூட்டத்தைத் தேடி மீண்டும் கரைக்கே வரும்.

அன்று கடற்படையினரும் ஊர் இளைஞரும் இரவிரவாக நீரில் நின்று அவற்றைத் தள்ளினர். சில இறந்தன, பெரும்பாலானவை ஆழ்கடல் சேர்ந்தன. அல்லாஹ்வின் படைப்பொன்றைக் காப்பது எப்படியென்று அந்த இளைஞர்கள் எமக்குக் காட்டினார்கள்.